அஞ்சலட்டை அளவில் ஒரு காளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், புதுச்சேரி டச்சுக்காரர் வசமிருந்த காலத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1693இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைக் கைப்பற்றியது, பிரான்சுக்கும் டச்சுக்காரர் முதலியோருக்கும் இடையே நடந்த போரை முடித்த 1697இன் ரிஸ்விக் உடன்படிக்கைக்குப் பின் 1699இல் திருப்பித் தந்தது ஆகிய செய்திகளைக் கட்டுரையாளர் முறையாகவே தொகுத்திருக்கிறார். நூல் பிடித்தாற்போன்ற தெருக்களுக்கு முதலில் திட்டம் வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள் என்பதை நினைவூட்டியதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெருமை முழுவதையும் பிரெஞ்சுக்காரருக்கே கொடுத்துப் பழகிவிட்டோம். நான் மாறுபடுவது கட்டுரையின் நடுவே அச்சிடப்பட்ட காளைப் படத்திலும் அதன் கீழிருந்த குறிப்பிலும்தான். அந்தக் குறிப்பு அதை டச்சு எண்ணெய் ஓவியம் என்கிறது. வயலில் கண்ட மாட்டைக் கண்டபடியே வரைந்துவிடுவதைத் தவிர அந்நாட்டுக் கலைஞருக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை என்றும் சொல்கிறது. இரண்டுமே சரியல்ல. முதல் பிழையைத் திருத்தினால் இரண்டாவது பிழை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடும்.

குழப்பம் நேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. பவுலஸ் போட்டர் என்ற கலைஞர் புகழ்பெற்ற காளைகள் இரண்டை விட்டுச் சென்றார். ஒன்று 1647இல் தீட்டிய எண்ணெய் ஓவியம், ஏறத்தாழ 2.36 மீட்டர் உயரமும் 3.39 மீட்டர் அகலமும் கொண்டு, இன்று ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. மற்றொன்று மூன்று ஆண்டுகள் கழித்து, 1650இல், எட்டுப் படங்கள் கொண்ட மாட்டுத் தொகுதி ஒன்றுக்காக அவர் செப்புத்தகட்டில் வரைந்தது. அதன் அளவு ஏறத்தாழ நம் அஞ்சலட்டை அளவுதான். தாங்கள் வெளியிட்டது இந்த இரண்டாவது காளை. முன்னது ஒரே ஒரு பொருள், அதைக் காண ஹேக் நகருக்குத்தான் போக வேண்டும். பின்னது கட்டுக்கட்டாக அச்சிடப்பட்டு, கடையில் விற்கப்பட்டு, ஏட்டில் ஒட்டி வைக்கப்பட்டு, இரவு விளக்கின் கீழ் கையில் ஏந்திப் பார்க்கப்பட்டது. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்குக் கொடுத்தால், அந்தப் படம் யாருக்காக, எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வியே எழாமல் போகிறது.

இத்தகைய அச்சுப்படத்தின் செய்முறையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். தேன்மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த மெல்லிய பூச்சைச் செப்புத்தகட்டின்மேல் உருக்கித் தடவி, புகை காட்டிக் கருக்கி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். ஊசி பட்ட இடத்தில் பூச்சு விலகிச் செம்பு வெளித்தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் இட்டால், திறந்த இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். மென்மையாக இருக்க வேண்டிய கோடுகளைச் சிறிது நேரத்திலேயே வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு, மற்றவற்றை மேலும் அரிக்க விடுவார்கள். தொலைவிலுள்ள மரங்கள் மெலிந்தும், முன்னால் நிற்கும் மாட்டின் வயிற்று நிழல் அடர்ந்தும் வருவது அப்படித்தான். இறுதியில் பூச்சை நீக்கி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்தெடுத்தால், ஓலையில் எழுத்தாணியால் கீறிய பின் கரி தேய்த்துத் துடைக்கும்போது நிகழ்வதைப்போல, கீறலில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால் படம் இடவலம் மாறித் தாளில் விழும்.

இதற்கு முன்பிருந்த முறை வேறு. பியூரின் என்னும் கூரிய உளியைச் செம்பில் நேரடியாகத் தள்ளிச் செதுக்குவதற்குப் பொற்கொல்லரின் பயிற்சியும் மணிக்கட்டு வலுவும் தேவைப்பட்டன. லூக்காஸ் வான் லெய்டன் 1510இல் செதுக்கிய பால்காரிப் படம் அந்த வகையைச் சேர்ந்தது. படத்தின் பெரும்பகுதியை மாடுகளே அடைத்துக்கொள்ள, பால்காரியும் பண்ணையாளும் ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்ட வியப்பான படம் அது. ஆனாலும் செதுக்குக் கோட்டுக்கே உரிய ஒழுங்கும் இறுக்கமும் மாட்டின் தோலைச் சற்று உலோகமாக்கிவிடுகின்றன. அமில முறை வந்த பிறகோ, பேனாவால் தாளில் வரையத் தெரிந்த எந்த ஓவியரும் தகட்டிலும் வரைய முடிந்தது. மாட்டின் மயிர் கழுத்தில் ஒரு திசையிலும் விலாவில் வேறு திசையிலும் படிவதையும், இடுப்பெலும்பின் மேட்டில் அது தேய்ந்து பளபளப்பதையும், குட்டையான அறுந்த கோடுகளால் போட்டர் காட்டுவது இம்முறை தந்த சுதந்திரத்தினால்தான். நாளிதழில் அந்தக் கோடுகள் புள்ளிகளாகக் கலங்கிவிட்டதற்கு அச்சகத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் படத்தை ஓவியம் என்று நம்பிவிட்ட வாசகர் அந்தக் கோடுகளைத் தேடியே இருக்க மாட்டார்.

இனி, கண்டதைக் கண்டபடி என்ற கூற்றுக்கு வருகிறேன். 1625இல் என்க்ஹவுசனில் பிறந்து 1654இல் இருபத்தெட்டு வயதிலேயே மறைந்த போட்டர், வயல்வெளிகளில் நடந்து திரிந்து சிறு ஏட்டில் வரைந்துகொள்வார் என்று, டச்சு ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1718 முதல் 1721 வரை வெளியிட்ட ஹவுப்ராக்கன் எழுதியிருக்கிறார். இன்னொரு டச்சு ஓவியரான ஆட்ரியான் வான் டெ வெல்டெ வாரத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கி வயலுக்குச் செல்வார் என்பதும் அவர் தரும் செய்தியே. எனவே பார்த்து வரைந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்த்ததை அப்படியே தகட்டுக்கு மாற்றினார்கள் என்பதற்கு இது சான்றாகாது. மவுரிட்ஸ்ஹவுஸின் பெரிய காளையைக் கூர்ந்து ஆராய்ந்தவர்கள், அதன் உறுப்புகள் வெவ்வேறு வயதுடைய மாடுகளுக்கு உரியவை என்று கண்டிருக்கிறார்கள். முதலில் காளைக்கு மட்டும் அளவான துணியை எடுத்துக்கொண்டு, பின்னர் பக்கங்களிலும் மேற்புறத்திலும் துணியைச் சேர்த்துப் பிற உயிர்களுக்கு இடம் செய்திருக்கிறார் என்பதும் தெரிய வந்திருக்கிறது. ஈ, தவளை, சாணம் வரைக்கும் உண்மைபோல் தோன்றும் படம் இப்படி ஒட்டுப்போட்டுக் கட்டியது. சிறிய அச்சுப்படங்களிலும் இதே திட்டமிடல் உண்டு. தொடுவானத்தை மிகவும் தாழ்த்தி வைத்து, நாம் புல்தரையில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பதுபோல் மாட்டின் முதுகை வானத்தில் பதிய வைக்கிறார். விரல் நீளமுள்ள விலங்கு கோயில் நந்தியின் கனத்தோடு நிற்பது இந்த ஏற்பாட்டினால்தானே ஒழிய, மாடு அங்கே அப்படி நின்றுகொண்டிருந்ததால் அல்ல.

அவர் 1652இல் வெளியிட்ட ஐந்து குதிரைப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் கொழுத்து நிமிர்ந்த குதிரை நிற்கிறது. பிறகு ஏரில் உழைக்கும் குதிரைகள். கடைசிப் படத்தில் எலும்பு துருத்திய கிழட்டுக் குதிரை ஒன்று நிற்க, அருகே இன்னொன்று செத்துக் கிடக்கிறது. எந்த வயலிலும் இந்த வரிசை காணக் கிடைக்காது. ஒரு விலங்கின் வாழ்நாளை ஐந்து தகடுகளில் அடுக்கிக் காட்ட வேண்டும் என்று ஒருவர் முடிவுசெய்தால் மட்டுமே அது கிடைக்கும். மனிதனின் பருவங்களைப் படமாக்குவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். அதே மரியாதையை வண்டிக் குதிரைக்கும் கொடுத்த அந்த முடிவுதான், என் மதிப்பீட்டில், போட்டரின் சாதனைகளில் முதன்மையானது. சுவரளவு காளைக்கு நான் இரண்டாம் இடமே தருவேன்.

இப்படிப்பட்ட படங்கள் திடீரென்று முளைத்துவிடவில்லை. ஹார்லெமில் பிறந்து ரோமில் வாழ்ந்த பீட்டர் வான் லார் 1636இல் வீட்டு விலங்குகளை மட்டுமே பொருளாகக் கொண்ட அச்சுப்படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதற்கும் முன்பே, கார்ல் வான் மான்டர் இளம் ஓவியர்களுக்காக எழுதி 1604இல் அச்சேறிய செய்யுள் நூலில் விலங்குகளை வரைவதற்கென்று தனி இயல் இருந்தது. வாங்குவோரும் பெருகினர். அச்சுப்படத்தின் விலை எண்ணெய் ஓவியத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது என்பதால், நகரத்து நடுத்தரக் குடும்பங்களும் ஏடு ஏடாகச் சேர்த்தன. மற்ற ஓவியரின் பட்டறைகளும் சேர்த்தன, ஏனென்றால் மழை நாளில் மாட்டின் பின்னங்காலை வரைய வேண்டியவருக்கு இப்படங்கள் மாதிரியாகப் பயன்பட்டன. போட்டர் மறைந்த பின்னரும் மார்க்கஸ் டெ பெய் என்பவர் அவருடைய வரைபடங்களைக் கொண்டு தகடுகள் செய்து வந்தார். நாடும் அப்போது மாட்டினால் செழித்திருந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பீம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து வற்றவைத்து, 1612இல் நிலமாக்கி, நேர்கோட்டுச் சதுரங்களாகப் பிரித்தார்கள். ஈரம் மிகுந்த அந்தத் தாழ்நிலங்கள் பலவும் மேய்ச்சலுக்கு உகந்தவையாகிப் பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தந்தன. (புதுச்சேரியில் தெருவுக்குக் கோடு போட்டவர்கள் கடல் மட்டத்துக்குக் கீழிருந்த ஏரியின் அடியிலும் அதே கோட்டைப் போட்டுப் பழகியவர்கள் என்பதைக் கட்டுரையாளர் சேர்த்திருந்தால் சுவையாக இருந்திருக்கும்.)

எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துவிடவும் கூடாது. நிக்கொலாஸ் பெர்ஹெம் ஹார்லெமில் 1620இல் பிறந்தவர். அவருடைய மேய்ச்சல் காட்சிகளில் இத்தாலிய வெயிலும் இடிந்த கட்டடங்களும் குழலூதும் இடையரும் நிறைந்திருப்பதால், அவை நல்ல விலைக்குப் போயின. பிறரும் அவர் படங்களைத் தகட்டில் பெயர்த்து விற்றார்கள். அவருடைய ஆடுகள் அழகானவை என்றாலும், பசியோ அரிப்போ இல்லாத நாடகத்து ஆடுகளாகவே எனக்குப் படுகின்றன. காரல் டுயார்டின் அப்படியல்லர். 1652 முதல் 1660 வரையிலான ஆண்டுகளில் பெரும்பாலும் முடித்த ஏறத்தாழ ஐம்பது தகடுகளில், பன்றியையும் கழுதையையும் தெருநாயையும் யாருடைய அனுமதியும் கேட்காமல் நடுவில் கொண்டுவந்து வைத்தார். உறங்கும் பன்றியின் காது கண்ணை மூடி விழுந்திருப்பதை இவ்வளவு கவனமாக வரைந்த இன்னொருவரை நான் அறியேன். ஆட்ரியான் வான் டெ வெல்டெயின் மாடுகளோ பெரும்பாலும் படுத்து அசைபோடுகின்றன. முன்கால்களை மடக்கி உடலின் கனத்தைத் தரைக்கு ஒப்படைத்துவிட்ட மாட்டின் அமைதியை, கோடு எதையும் அழுத்திப் போடாமலே அவர் கொண்டுவருகிறார். 1672இல் அவர் இறந்தபோது வயது முப்பத்தாறைத் தாண்டவில்லை. ரெம்பிராண்ட் விலங்குகளுக்கென்று அதிகத் தகடுகள் செய்யவில்லை என்றாலும், 1643இல் அவர் செய்த பன்றிப் படம் இந்த வரிசையில் ஒரு மாற்றுக் குரல். கால்கள் கட்டப்பட்டு அறுப்புக்குக் காத்துக் கிடக்கும் பன்றி முன்னால் நுணுக்கமாக வரையப்பட்டிருக்க, பின்னால் நிற்கும் மனிதர்கள் ஓரிரு கோடுகளாகவே விடப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தின் இன்பத்தையே விற்ற ஒரு சந்தையில் இதையும் ஒருவர் அச்சிட்டு விற்றார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இவற்றுக்கும் கடலூர், புதுச்சேரி வாசகருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கப்படலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் வணிகத் தலம் அமைத்துத் துணி வாங்கினார்கள். போட்டர் மாடு வரைந்த அதே ஆண்டுகளில் நம் கரையோர நெசவாளரின் துணி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கப்பல் எதிர்த்திசையில் வரும்போது படங்கள் நம் ஊரில் இறங்கின என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அச்சுப்படமும் அந்த வணிகத்தில் ஒரு சரக்கே என்பதற்குத் திட்டமான சான்று உண்டு. வடதுருவக் கடல் வழியாகக் கிழக்கு நாடுகளை அடையப் புறப்பட்டு 1596இல் நோவா செம்லா தீவில் பனியில் சிக்கிய டச்சு மாலுமிகள், கீழை நாடுகளில் விற்பதற்காக எடுத்துச் சென்ற அச்சுப்படக் கட்டுகளை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் உறைந்து இறுகிக் கிடந்த அந்தத் தாள்கள் மீட்கப்பட்டு, இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. மறுதிசையில், இந்தியாவிலிருந்து போன முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து, 1650களின் பிற்பகுதியில் ரெம்பிராண்ட் தம் கையாலேயே ஆசியத் தாளில் படிகள் வரைந்துகொண்டார். இரு திசையிலும் படங்கள் பயணம் செய்த காலத்தைப் பற்றிய கட்டுரையில், டச்சுக்காரர் என்றால் கோட்டையும் துணி மூட்டையும் மட்டுமே என்று முடித்துவிடுவது போதாது.

விலங்கைக் கவனித்துப் பார்ப்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில், ஒருவர் பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொண்டிருக்கும் பசுவைப் பல்லவர் காலத்துச் சிற்பி பாறையில் வடித்தது, போட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பசு போட்டரின் எந்தப் பசுவுக்கும் இளைத்ததல்ல. நம்மிடம் இல்லாமல் போனது, அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வசதி. ஓவியம் பயிலும் மாணவர்கள் மாடு வரையச் சொன்னால் பொங்கல் வாழ்த்து அட்டையில் பார்த்த மாட்டை வரைகிறார்கள் என்பதை ஓவிய ஆசிரியராகப் பணியாற்றிய காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பம் சாலையில் நடுவே படுத்திருக்கும் மாட்டின் அலைதாடி எந்த இடத்தில் மடிகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. டச்சு மாடுகளுக்குத் திமில் கிடையாது. அதனால் அவற்றைப் பார்த்து நகல் எடுப்பதில் பயனில்லை. ஆனால் தோள் எலும்பிலிருந்து விலாவுக்குக் கோடு எப்படித் திரும்புகிறது, நிழலுக்கு எத்தனை கோடு போதும், எங்கே ஒன்றுமே வரையாமல் தாளின் வெண்மையை விட்டுவிடலாம் என்பவற்றை இந்தச் சிறு படங்களிலிருந்து கற்றுக்கொண்டு, பேனாவோடு தெருவுக்குப் போகும் மாணவனின் மாட்டுக்குத் திமில் தானாக வந்துவிடும்.

இதற்குப் பெரும் செலவும் வேண்டியதில்லை. மூலப்படங்களைத் தருவித்துக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. உப்புக் காற்றும் ஈரமும் மிகுந்த நம் கடற்கரையில், குளிரூட்டி ஓயாமல் ஓடும் அறை இல்லாமல், நானூறு ஆண்டுத் தாளை வைப்பது அதற்குச் செய்யும் நன்மை ஆகாது. ரைக்ஸ்மியூசியம் தன்னிடமுள்ள பழைய அச்சுப்படங்களை, மிக நுண்ணிய தெளிவோடு, யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. போட்டர், டுயார்டின், வான் டெ வெல்டெ ஆகியோரின் மாட்டுப் படங்களையும் பன்றிப் படங்களையும் அங்கிருந்து எடுத்து, மூல அளவிலேயே நல்ல தாளில் அச்சிட்டு, மாணவர் கையில் கொடுக்கலாம். கூடவே ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும். புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரியிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்குள்ள டச்சுக் கால வரலாற்றோடு இச்சிறு படங்களையும் சேர்த்து ஒரு மேசை அமைப்பதற்கு, பொறுப்பிலிருப்போர் மனம் வைத்தால் போதும். சுவரில் பெரிதாக்கி மாட்ட வேண்டாம் என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். ஆறடிக்குப் பெரிதாக்கிய அச்சுப்படம் தன் கோடுகளின் நெருக்கத்தை இழந்துவிடும். குனிந்து பார்க்கச் செய்யப்பட்டதைத் தள்ளி நின்று பார்க்க வைத்துவிடும்.

தங்களிடம் கேட்டுக்கொள்ள இரண்டு உண்டு. அப்படத்தைச் செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்ட படம் என்று, போட்டரின் பெயரோடும் 1650 என்ற ஆண்டோடும், ஒரு திருத்தக் குறிப்பாக வெளியிட வேண்டுகிறேன். பக்கத்தின் அகலத்துக்குப் பொருத்துவதற்காகப் படத்தின் இரு ஓரங்களும் வெட்டப்பட்டிருந்ததால், தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் காணாமல் போயிருந்தது. அத்தடமே இது ஓவியமல்ல என்பதை முதற்பார்வையிலேயே சொல்லியிருக்கும். ஆகவே இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, இடம் குறைவாக இருந்தாலும் ஓரத்தை வெட்டாமல், மூல அளவைச் சென்டிமீட்டரில் குறிப்பிட்டு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.